பல்செட்டு எதில் செய்தது?

என் தொழில் தெரிந்தவர்கள் கல்யாண வீட்டில் பார்த்தாலும் கோயிலில் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி, "அம்மாவுக்குப் பல்செட்டு கட்ட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பல்செட்டு செய்யும் லேப்பில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். "எதில் செய்வீர்கள்?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புதுக் கைப்பேசி வாங்கும்போது உள்ளே என்ன சிப் என்று பார்க்கும் நம் பிள்ளைகள், அப்பா அம்மா வாயில் நாள் முழுதும் இருக்கப்போகும் பொருளைப் பற்றி விசாரிப்பதில்லை.

ஈறு நிறத்தில் இருக்கும் அந்தப் பகுதி அக்ரிலிக். 1930களின் பிற்பாதியில் இது வருவதற்கு முன், கெட்டிப்படுத்திய ரப்பரில்தான் பல்செட்டு செய்தார்கள். அக்ரிலிக் தூளும் திரவமுமாக வரும். பொதுவாக மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு திரவம். கலந்ததும் ஈர மணல் போல் இருக்கும். பிறகு நூல் நூலாக இழுக்கும். அதன் பிறகே கையில் ஒட்டாத மாவுப் பதம் வரும். அந்தப் பதத்தில்தான் அச்சில் அழுத்த வேண்டும். முறுக்கு பிழிகிறவர்களுக்குப் பதம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஊர் வெக்கையில் பதம் சீக்கிரமே வந்து, சீக்கிரமே போய்விடும்.

அடுத்தது வேகவைப்பது. ஒரு முறைப்படி, 74 டிகிரி வெந்நீரில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வைப்போம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால், சுமார் 100 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் உள்ளேயே கொதித்து, தடிமனான இடங்களில் குமிழ் விடும். பல்செட்டு அங்கேதான் விரிசல் விடும். அழுக்கும் கிருமியும் அங்கேதான் குடியேறும். வெந்ததைச் சட்டென்று குளிர்வித்தாலோ வளைந்துவிடும், வாயில் சரியாக உட்காராது.

சூடு இல்லாமல் தானாகவே இறுகும் அக்ரிலிக்கும் உண்டு. உடைந்த பல்செட்டை ஒட்ட அதுதான் வசதி, அதில் குற்றமில்லை. ஆனால் இறுகிய பிறகும் வினைபுரியாத திரவம் அதில் கூடுதலாகத் தங்கும். ஐஎஸ்ஓ தரவிதி, வேகவைத்த அக்ரிலிக்கில் அதிகபட்சம் 2.2 விழுக்காட்டையும், தானாக இறுகுவதில் 4.5 விழுக்காட்டையும் அனுமதிக்கிறது. மிஞ்சிய திரவம் சிலருக்கு வாய் எரிச்சலையும் ஒவ்வாமையையும் கொண்டுவரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு பல் மருத்துவர் எங்களிடம் அனுப்பிய ஒரு பாட்டியின் வேலை இன்னும் மனதில் நிற்கிறது. வீட்டுக்கே வந்து, ஒரே மணி நேரத்தில், சில நூறு வெள்ளிக்குப் பல் கட்டித் தந்திருக்கிறார் ஒருவர். தானாக இறுகும் அக்ரிலிக்கை வாய்க்குள்ளேயே வைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிட்டார். இறுகும்போது அதுவே சூட்டைக் கக்கும். கழற்றித் துலக்க வழியில்லாததால் அடியில் சோறு தங்கி, ஈறு அழுகி, நல்லாயிருந்த பற்களும் ஆடிவிட்டன. மருத்துவர் மூன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இரண்டு பல்லுக்காகப் போனவருக்கு ஐந்து பல்லுக்குச் செட்டு செய்தோம்.

இப்படிப்பட்டவர்கள் முகநூலில் தாராளமாக விளம்பரம் செய்கிறார்கள். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 2018 பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் சிகிச்சை செய்வது குற்றம். மலேசிய பல் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் பதிவு உண்டா என்று தெரிந்துவிடும்.

முறையான இடத்திலும் வேலை ஒரே சீராக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். காலாவதியான தூள், ஒரு நிறுவனத்தின் தூளுக்கு இன்னொரு நிறுவனத்தின் திரவம், தீபாவளிக்குள் முடித்துத் தரச் சொல்லும் அவசரம்: இந்த மூன்றும் போதும், நல்ல லேப்பின் வேலையும் கெட்டுவிடும். பல்லிலும் தரம் உண்டு. மட்டமான பிளாஸ்டிக் பல் சீக்கிரம் தேய்ந்து, கன்னம் ஒடுங்கி, முகமே வயதானதாகத் தெரியும்.

அதனால் மருத்துவரிடம் கேளுங்கள்: வேகவைத்த அக்ரிலிக்கா? எந்த நிறுவனத்துப் பொருள்? லேப்பில் பேட்ச் எண் குறித்து வைக்கிறார்களா? மெழுகில் பல் அடுக்கி, வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் முடிப்பீர்களா? கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார். அளவெடுப்பதிலிருந்து கையில் வாங்கும்வரை நாலைந்து முறை போக வேண்டியிருக்கும். அதற்கு விடுப்பு எடுக்கத் தயாராக இருங்கள்.

வாங்கிய பிறகு கொதிநீரில் போடாதீர்கள், வளைந்துவிடும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் வையுங்கள். பற்பசை வேண்டாம், மேலே கீறல் விழும். மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

நம் பெரியவர்கள் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். "பழகிடும்பா" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியும் ரசஞ்சோறுமாக நாளைக் கழிப்பார்கள். புதுப் பல்செட்டு போட்டு ஒரு மாதம் ஆகியும் அப்பா சாப்பாட்டு மேசையில் கோழியை ஒதுக்குகிறாரா? செட்டு சட்டைப் பையில்தான் கிடக்கிறதா? அவர் வாய்திறந்து சொல்லும்வரை காத்திருக்காமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.