மீதி அரை வோல்ட் எங்கே போச்சு?

2024 பிப்ரவரியில், கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் படகைப் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கி வைத்தார். 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்-ல் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். ரெண்டுக்கும் நாம ஸ்டேட்டஸ் போட்டோம். ஆனா உள்ளே இருக்கிற ஃப்யூயல் செல் எத்தனை வோல்ட் தரும்னு கேட்டா, கெமிஸ்ட்ரி நோட்டை நினைச்சு "1.23"னு சொல்லிடுவோம்.

அது 25 டிகிரியில், கரண்ட்டே எடுக்காதபோது வரும் தியரிக் கணக்கு. லோடு கொடுத்தா ஒரு செல்லுக்கு 0.6, 0.7 வோல்ட்தான் கிடைக்கும்.

மீதி மூணு வழியில் போகுது. பெரிய திருடன் கேத்தோடு. ஹைட்ரஜன் ஆனோடில் சுலபமா வினைபுரியும். ஆக்ஸிஜன் அப்படி இல்ல. பிளாட்டினம் போட்டும் மெதுவாத்தான் நகரும். அந்த வினையைத் தள்ளிவிடவே வோல்டேஜ் செலவாகுது. ரெண்டாவது, மெம்பிரேனின் மின்தடை. மூணாவது, கரண்ட் கூடும்போது எலக்ட்ரோடுக்கு வாயு போய்ச் சேராத தட்டுப்பாடு. மெம்பிரேன் காய்ந்தா புரோட்டான் நகராது. உருவாகும் தண்ணி தேங்கினா எலக்ட்ரோடின் துளைகள் அடைச்சிடும். சிதம்பரம் பக்கத்துக் கடைமடை வயல் கதைதான்: தண்ணி வரலைன்னா காயும், வடியலைன்னா அழுகும்.

இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்ல. தண்ணியைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க ஒரு செல்லுக்குச் சுமார் 1.8 வோல்ட் கொடுக்கணும். திரும்பக் கிடைப்பது 0.65. அதாவது 36 சதவீதம். வாயுவை அழுத்தி நிரப்பும் செலவு தனி. அதனால கடலூர்-சிதம்பரம் டவுன் பஸ்ஸுக்கு ஹைட்ரஜன் வேணும்னு யாராவது சொன்னா நான் பேட்டரி பக்கம்தான் நிப்பேன். பேட்டரி எடை தாங்காத, நீண்ட தூர வேலைக்கு ஹைட்ரஜன் போகட்டும்.

இப்படி வாதாட நமக்கு அந்த வளைகோடு தெரியணும். பெரிய செலவில்ல. ஒரு சின்ன டெமோ செல், மாற்றக்கூடிய மின்தடை, ரெண்டு மல்டிமீட்டர், ஒரு மதியம். கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வோல்டேஜைக் குறிச்சா, முதலில் சட்டென விழுந்து பிறகு நேர்கோடா சரியும் வரைபடம் நம்ம கையாலயே வரும். 1.23-ஐ மனப்பாடம் பண்ண வைக்கிற சிலபஸ்ல இந்த ஒரு லேப் சேரணும். இண்டஸ்ட்ரியல் விசிட்னு மலை ஏறுற நாம, ஒரு தடவை காரைக்குடி சிக்ரிக்கும் பஸ் எடுக்கலாம். மின்வேதியியலுக்குன்னே இருக்கிற மத்திய ஆய்வு நிறுவனம் அது.

ரயிலை யாரோ ஓட்டட்டும். அந்த அரை வோல்ட்டை மீட்கிற வேலை இன்னும் பாக்கி இருக்கு. அதுக்கு ஆள் வேணும்; அது ஏன் நாமளா இருக்கக் கூடாது?