தொலைந்த சில்லறை

மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பிரித்தால் எட்டு ரூபாய் உதைக்கும். அது எங்கே போயிற்று என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு ஒரு சமாசாரம்: ஜெனிவாவில் பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லைதான்.

அந்த ஊருக்குப் பக்கத்தில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையம் ஒன்று இருக்கிறது. அதில் புரோட்டான்களை எதிரும் புதிருமாக ஓட்டி மோத விடுகிறார்கள். சிதறுகிறவற்றில் அபூர்வமாக அகப்படுவது 'பி.சி. மெஸான்'. 'பாட்டம்', 'சார்ம்' என்ற இரண்டு கனத்த க்வார்க்குகள் சேர்ந்த ஜோடி அது. (இரண்டில் ஒன்று எதிர்த்துகள்.) 1998-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக அகப்பட்டபோது இருபது சொச்சந்தான் தேறிற்று.

வீணையில் ஒரே தந்தி மேல் ஸ்தாயியிலும் பேசுகிறதல்லவா? அதுபோல இந்த ஜோடியும் சக்தி கூடிய நிலையில் இருக்கலாம். அதைக் 'கிளர்ந்த நிலை' என்கிறார்கள். அப்படி அடுத்தடுத்து இரண்டு நிலைகள், அக்கா தங்கை மாதிரி, இருந்தாக வேண்டும் என்று கணக்குச் சொல்லிற்று.

2014-இல் அட்லாஸ் குழுவினர், "பார்த்துவிட்டோம்!" என்றார்கள். ஆனால் ஒன்றைத்தான். எல்.எச்.சி.பி. குழு தன் பங்குக்குத் தேடிவிட்டு, ஒன்றுமே தென்படவில்லை என்று 2018-இல் எழுதிற்று. பார்த்தேன் என்றவர் சொன்னது பிரமையா, பாராதவர் கண்தான் மங்கலா? பெரிய சங்கடம்!

2019-இல் சி.எம்.எஸ். குழு இதைத் தீர்த்தது. 2015 முதல் 2018 வரை நடந்த மோதல்களைச் சலித்து, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பி.சி. மெஸான்களில் நூறு சொச்சத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒன்றல்ல, இரண்டு சிகரங்கள்! இடைவெளி 29 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். அட்லாஸ் கண்டது இரண்டும் ஒட்டிக்கொண்ட தோற்றமாக இருக்கலாம். அதே ஆண்டில் எல்.எச்.சி.பி.யும் ஒன்றைத் தெளிவாகவும் மற்றதை மங்கலாகவும் பார்த்தது.

இனிமேல்தான் வேடிக்கை. கிளர்ந்த மெஸான் கண்மூடித் திறப்பதற்குள் உடைந்து, சாதாரண பி.சி.யும் இரண்டு பையான்களுமாக ஆகிவிடும். துண்டுகளைக் கூட்டித்தான் எடை போட வேண்டும். தங்கை விஷயத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. அக்காவோ நடுவில் ஓர் ஒளித் துணுக்கையும் உதிர்த்துவிடுகிறாள். அதன் சக்தி சொற்பம், கருவியில் சிக்குவதில்லை. கூட்டினால் தொகை குறைகிறது. ஆகவே கனத்த அக்கா, படத்தில் தங்கையைவிட இளைத்துத் தெரிகிறாள்!

அந்தச் சில்லறை கிடைக்காததால், சி.எம்.எஸ். குழுவினர் தங்கையின் எடையை மட்டும் எழுதினார்கள். அக்காவின் எடையைச் சொல்லவில்லை. நானாயிருந்தால் 'இதர செலவு' என்று போட்டு நோட்டை மூடியிருப்பேன்.