அமெரிக்கப் பூசணியும் நமது திருஷ்டியும்

நமது வைதிகத் தோழர்களுக்குச் சில வருஷங்களாக ஒரு புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது. அதாவது, அமெரிக்காவில் அக்டோபர் 31ந் தேதி “ஹாலோவீன்” என்பதாக ஒரு பண்டிகை நடப்பதாகவும், அன்று அந்நாட்டார் பூசணிக்காய்க்குக் கண், மூக்கு, கோரைப்பல் எல்லாம் எழுதி வாசற்படியில் வைப்பதாகவும், சந்திரமண்டலத்தில் கால் வைத்த தேசத்தாரே இப்படிச் செய்யும்போது நாம் வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டுவதை மாத்திரம் மூட நம்பிக்கை என்று எப்படிச் சொல்லலாம் என்றும் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆகவே அதற்குப் பதில் சொல்லாமல் விடுவது யோக்கியமல்ல.

அந்தப் பண்டிகையின் பிறப்பும் பயத்தில்தான் என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்த பழைய கெல்ட் ஜாதியார், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் ஆவிகள் உலாவுவதாக நம்பினார்கள். கிறிஸ்தவ மதம் வந்த பிறகு நவம்பர் 1ந் தேதி சகல புனிதர்களின் திருநாளாயிற்று. ஹாலோவீன் என்ற பேருக்கே அந்தப் புனிதர் திருநாளுக்கு முந்தின இரவு என்பதுதான் பொருள். ஆக, பேய்ப் பயம் ஒழியவில்லை. பாதிரியாரின் பஞ்சாங்கமும் அதனோடு வந்து ஒட்டிக்கொண்டது.

இதற்கு ஒரு புராணமும் உண்டு. ஜாக் என்ற குடிகாரன் ஒருவன் சாத்தானையே ஏமாற்றினானாம். செத்த பிறகு மோட்சத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை என்று துரத்தப்பட்டு, குடைந்த டர்னிப் கிழங்கில் ஒரு நெருப்புத்துண்டை வைத்துக்கொண்டு இருட்டில் அலைகிறானாம். அதனால் ஐரிஷ் கிராமத்தார் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். எந்த விளக்கும் எந்தப் புனிதரும் அவர்களைக் காக்கவில்லை. தப்பினவர்களில் பெருங்கூட்டம் அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. அங்கே கிழங்கைவிடப் பெரிதாகவும் குடைய எளிதாகவும் இருந்தது பூசணி. நம் ஊரில் பரங்கிக்காய் என்கிறோமே, அதுதான். பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதை அதன் பேரே சொல்லுகிறது.

நிற்க, இந்தப் பயம் அமெரிக்காவில் சும்மா இருக்கவில்லை. 1692ல் மாசசூசெட்ஸில் சேலம் என்ற ஊரில், சூனியம் வைத்தார்கள் என்ற பேரால் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிழவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். சாட்சி என்ன? “இவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளிற்று” என்பது சாட்சி! அதே சேலத்தில் இன்று அக்டோபர் மாதம் முழுதும் சூனியக்காரி வேஷமும் பூசணி முகமும் பார்க்க ஜனங்கள் திரளாகக் கூடுகிறார்கள். அன்று எந்தப் பேரைச் சொன்னதற்குத் தூக்குக்கயிறு கிடைத்ததோ, இன்று அந்தப் பேரைச் சொன்னால் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கின்றன. பயத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள தூரம் இதுதான். வைதிகத் தோழர்கள் காணாமல் விட்டதும் இதைத்தான்.

இப்போது அங்கே அந்தப் பூசணியை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். மந்திரவாதியா? பாதிரியா? இல்லை, உள்ளூர்ச் சித்திரக்காரன். காயைக் கழுவித் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, வெள்ளை வர்ணம் ஒரு பூச்சுப் பூசி, அதன்மேல் பூனையோ ஆந்தையோ வீட்டுக்காரர் முகமோ எழுதி, மேலே வார்னிஷ் தடவுகிறான். வெட்டிக் குடைந்த காய் ஒரு வாரம் பத்து நாளில் அழுகிவிடும். வெட்டாமல் வர்ணம் எழுதின காய் குளிர்ந்த இடத்தில் பல வாரம் நிற்கும். நியூயார்க் ராஜ்யத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் குரோட்டன் என்ற ஊரில் 2005 முதல் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான பூசணி முகங்களைக் காட்சி வைக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். காசு கைவேலைக்குக் கிடைக்கிறதே தவிர தட்சணைக்குப் போகவில்லை. வாசலில் பூசணி வைக்காததால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று அழுகிறவர் அங்கே எத்தனை பேர்?

இன்னொன்றும் கேளுங்கள். அன்றிரவு குழந்தைகள் வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்கும். வேர்க்கடலையோ பாலோ முட்டையோ சேர்ந்த பண்டத்தைத் தின்றால் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. டென்னசி ராஜ்யத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் செய்த ஒரு யோசனை 2014ல் நாடு முழுதும் பரவிற்று. ஒரு பூசணிக்கு நீலப்பச்சை வர்ணம் பூசி வாசலில் வைத்தால், “இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத விளையாட்டுச் சாமானும் கிடைக்கும், பயமின்றி வரலாம்” என்று அர்த்தம். தோழர்களே! வாசலில் வைத்த பூசணி நிஜமாகவே ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது. எதனால்? மந்திரத்தாலா? வர்ணத்தின் பொருளை ஊரார் அறிந்திருப்பதால்! காப்பது காய் அல்ல. மனிதனுடைய அறிவும், அயலான் பிள்ளைமேல் அவன் வைத்த அக்கறையும்தான்.

இதனால் அந்நாட்டார் செய்வதெல்லாம் சரி என்று நாம் சொல்லவரவில்லை. தின்னத்தக்க காயை மலைமலையாக வாங்கி, ஒரு ராத்திரி வேடிக்கைக்குப் பிறகு குப்பைமேட்டில் அழுகவிடுவது அக்கிரமமே. வர்ணம் பூசின தோல் மாட்டுக்கும் ஆகாது. பயத்தை விட்டவர்கள் வியாபாரிக்கு அடிமையானால் அதுவும் அறிவாகாது.

ஆனால் நம்மவர் யோக்கியதை என்ன? வெண்பூசணிக்கு மீசையும் தொங்கும் நாக்கும் எழுதிப் புதுவீட்டில் கட்டுகிறோம். ஆயுத பூசையன்று பூசணியில் துளையிட்டுக் குங்குமமும் காசும் போட்டு, நடுரோட்டில் உடைத்துவிட்டு உள்ளே போய்ச் சுண்டல் தின்கிறோம். இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அந்தச் சதையில் சக்கரம் வழுக்கி விழுகிறான். ரோட்டில் உடைக்காதீர்கள் என்று போலீசாரும் நகரசபையாரும் வருஷந்தோறும் கெஞ்சவேண்டியிருக்கிறது. உன் கடைக்குக் கண் படாதிருக்க ஊரான் கால் முறியவேண்டுமா? கண்ணுக்குத் தெரியாத கண்ணேறுக்குப் பயப்படுகிற நீ, கண்ணெதிரே கிடக்கும் வழுக்கலுக்கு ஏன் பயப்படவில்லை?

தெருவோரத்தில் குந்தியிருந்து பூசணிக்கு முகம் எழுதும் சித்திரக்காரத் தோழரையும் ஒன்று கேட்கிறோம். காலையில் அது கறிக்காய். உமது தூரிகை பட்டதும் அது பூதம். அந்தப் பூதத்தின் கண்ணையும் பல்லையும் எழுதின உமக்கே அதனிடம் பயமில்லாதபோது, வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு மாத்திரம் பயம் எங்கிருந்து வந்தது? உம்முடைய கைத்திறமைக்குக் கிடைப்பதோ சில்லறைக் காசு. அதே காய்க்குக் கற்பூரம் காட்டுகிறவனுக்கோ தட்டு நிறையத் தட்சணை. இது உமக்கே நியாயமாகப் படுகிறதா?

ஆகவே தோழர்களே! அமெரிக்கப் பூசணியை ஆதாரம் காட்ட வருகிறவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். அவர்கள் பேயை விட்டுவிட்டுச் சித்திரத்தை வைத்துக்கொண்டார்கள். நீங்களோ சித்திரக்காரனை மறந்துவிட்டுப் பேயைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வருகிற ஆயுத பூசைக்கு அந்தப் பூசணியை மோர்க்குழம்பில் போடுங்கள். பஞ்சாயத்தாரிடம் சொல்லி, அந்தத் தட்சணைக் காசுக்கு அதே சித்திரக்காரரைக் கொண்டு உங்கள் தெருமுனை வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு பூசச் செய்யுங்கள். இருட்டில் வருகிறவன் கோட்டைப் பார்த்து நிதானித்து, வீடுபோய்ச் சேருவான். வர்ணத்தால் கழியக்கூடிய திருஷ்டி உலகத்தில் ஏதாவது உண்டானால் அது இது ஒன்றுதான்.