விருந்தாளியும் படகும்

ஸ்பெயினின் கார்த்தஹேனா துறைமுகத்தில் பாய்மரப் படகையே வீடாக்கிக் குடியிருக்கும் ஆங்கிலேயத் தம்பதிகள் உண்டு. கொடுத்து வச்சவங்க என்கிறீர்களா? ஊரிலிருந்து சிநேகிதர்கள் வந்து இறங்கட்டும், தெரியும் சேதி!

முதல் பாடம் டாய்லெட். காகிதம் போடாதே, கையால் பம்ப் அடி. அப்புறம்தான் ஊர் சுற்றல். 1988-ல் கண்டுபிடித்த இரண்டாயிரம் வருஷத்து ரோமானிய தியேட்டர். 1888-ல் ஐசக் பெரால் கடலில் இறக்கிய மின்சார நீர்மூழ்கி; அதைப் பார்த்தபின், 'உங்க கேபினே தேவலைப்பா' என்பார் விருந்தாளி.

வழியனுப்பிவிட்டு வீட்டுக்காரர் காலண்டரைப் பார்க்கிறார். பிரெக்ஸிட் புண்ணியத்தில், 2021 முதல் வசிப்புரிமையோ விசாவோ இல்லாத பிரிட்டிஷாருக்கு 180 நாளில் 90 நாள்தான். அவரும் மூட்டை கட்டணும். பிரிட்டிஷ் படகு? அது 18 மாதம் வரை வரி கட்டாமல் ஜாலியாக மிதக்கலாம், ஸார்!