ஒப்பந்தம் ஒரு சாராருக்கு மட்டுமா?



பொதுமக்களின் பணம் அரசின் கையில் ஓர் அமானிதம். நொடிந்துபோகும் நிறுவனத்தை அப்பணத்தால் தாங்கிப் பிடிப்பது சில வேளைகளில் தவிர்க்க முடியாததாகலாம். ஆனால் அப்போது யாரிடம் தியாகம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படவில்லை என்பதிலிருந்தே நீதியின் தராசு நேராக நிற்கிறதா என்பது புலப்படும்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். 2008 செப்டம்பரில் ஏ.ஐ.ஜி. என்னும் மாபெரும் காப்பீட்டு நிறுவனம் கவிழும் நிலைக்கு வந்தது. அந்நாட்டின் மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடனுதவி அளித்து அதனைக் காத்தது. அந்நிறுவனத்தைப் பள்ளத்தில் தள்ளிய பிரிவினருக்கே 2009 மார்ச்சில் 16.5 கோடி டாலர் போனஸ் வழங்கப்பட்டது. நாடே கொதித்தது. 'ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது; அதனை மீற இயலாது' என்பதே அதற்குக் கூறப்பட்ட சமாதானம். அதற்கு முந்திய மாதம் உயர் அதிகாரிகளின் போனசுக்கு வரம்பு கட்டிய சட்டமும், பிப்ரவரி 11 வரை எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு விலக்கு அளித்திருந்தது.

கார்த் தொழிலாளர்களின் கதை வேறு. 2008 நவம்பரில் மூன்று கார்க் கம்பெனிகளின் தலைவர்கள் தனி விமானங்களில் வாஷிங்டன் சென்று உதவி கோரினர். டிசம்பரில் செனட் சபையில் சிலர் விதித்த நிபந்தனை என்ன தெரியுமா? அமெரிக்காவில் இயங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆலைகளின் அளவுக்குத் தொழிலாளரின் ஊதியம் 2009-லேயே குறைக்கப்பட வேண்டும் என்பதே. தொழிற்சங்கம் அந்தக் கெடுவுக்கு இணங்கவில்லை, மசோதா வீழ்ந்தது. பின்னர் ஜனாதிபதி புஷ் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார். 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் தொழிலாளர்கள் பஞ்சப்படியை இழந்தனர். 2015 வரை வேலைநிறுத்த உரிமையை விட்டுக்கொடுத்தனர். ஓய்வுபெற்றோரின் மருத்துவ நிதிக்குச் சேர வேண்டிய ரொக்கத்தில் பெரும் பகுதிக்கு ஈடாகப் பங்குகளை ஏற்றனர். அவர்களுடைய ஒப்பந்தமும் கையொப்பமிட்டு எழுதப்பட்டதே அன்றோ?

'கம்பெனி மூழ்கினால் வேலையே போய்விடுமே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரும் 2009 மார்ச்சில் பதவி விலக வேண்டியதாயிற்று, ஏ.ஐ.ஜி.யில் சிலர் போனசைத் திருப்பியும் கொடுத்தனர். தொழிலாளி தியாகம் செய்யக் கூடாது என்பதல்ல நமது வாதம். ஆபத்துக் காலத்தில் ஒப்பந்தங்களைத் திருத்தலாம் என்றால் எல்லாருடையதையும் திருத்த வேண்டும். மாற்றலாகாது என்றால் எல்லாருடையதையும் காக்க வேண்டும். மெலிந்தவனின் ஏட்டைக் கிழித்துவிட்டு, வலியவனின் ஏட்டைப் புனிதம் என்பது நீதியாகாது. வாக்குறுதியைப் பேணுமாறு இஸ்லாம் இட்ட கட்டளையில் செல்வந்தனுக்கென்று தனி விதி இல்லை.

இழந்த பஞ்சப்படியைத் தொழிலாளர்கள் 2023-இல் ஏறத்தாழ ஆறு வாரங்கள் போராடித்தான் மீட்டனர். போனஸ் பெற்ற பெரியவர்களுக்கோ ஒப்பந்தத்தைக் காக்கப் போராட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

பொதுப் பணத்தை அள்ளித் தரும் அரசுகள் எங்கிருந்தாலும் சரி, தியாகத்தை மேல்தட்டிலிருந்து கேட்கத் தொடங்கட்டும். அதுவே அமானிதத்தைப் பேணும் முறையாகும்.