கண்ணாடி பீரோவில், கண் நெருப்பில்!

துப்பாக்கி சுடும் பந்தயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வீரர் களத்துக்கு வருகிறார். துப்பாக்கியைத் தொடும் முன்பு அவர் எதை எடுக்கிறார்? மூக்குக் கண்ணாடியை! பிறகு காதுக்கு அடைப்பான். அதற்கு அப்புறம்தான் தோட்டா.

குண்டு முன்னால்தானே பாய்கிறது? சுடுகிறவருக்குக் கண்ணாடி எதற்கு?

காரணம் இருக்கிறது. சுட்டதும் தோட்டாவின் வெற்றுக்கூடு சூட்டோடு வெளியே தெறிக்கும். வெடிமருந்துத் துகள் முகத்தில் அடிக்கும். இரும்புத் தகட்டில் பட்ட ஈயம் சிதறித் திரும்பி வரும். 2024ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கலந்து கொண்டாரே, பறக்கும் தட்டைச் சுடும் போட்டி, அதில் உடைந்த தட்டின் சில்லுகள் ஆகாயத்தில் இருந்து விழும். ஆகையால் உடையாத கண்ணாடி அணியும்படி சர்வதேச விதிப் புத்தகமே வற்புறுத்துகிறது. பல இடங்களில் கண்ணாடி இல்லாதவரை, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், களத்துக்குள் விடுவதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் துப்பாக்கி பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கிரைண்டர் பிடிப்பவர்கள் எத்தனை பேர்! இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி இழுக்கும் ஆலைகள், வெல்டிங் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. துப்பாக்கியாவது முன்பக்கம் மட்டும் சுடும். கிரைண்டரின் பொறி பிடித்திருப்பவன் முகத்துக்கும் வரும், பக்கத்தில் நிற்பவன் முகத்துக்கும் போகும்.

நான்கு அங்குலக் கிரைண்டரின் கல் நிமிடத்துக்குச் சுமார் 11 ஆயிரம் சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லின் ஓரம் ஓடும் வேகம் மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல்! கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நிற்காமல் ஓடுகிற எக்ஸ்பிரஸ் ரெயில்கூட அந்த வேகம் போவதில்லை. அந்த வேகத்தில் வருகிற இரும்புத் துணுக்கை எது தடுக்க வேண்டும்? கருவிழி. அதன் கனம் நடுவில் அரை மில்லி மீட்டர். ஏறக்குறைய ஒரு கலியாணப் பத்திரிகை அட்டையின் கனம்.

"கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம், அவன்தான் போட மாட்டேன் என்கிறான்" என்பார்கள் முதலாளிகள். பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்ல வேண்டாமா? உலை அனலில் வியர்வை வழிகிறது. கண்ணாடி ஆவி படிந்து மங்குகிறது. மூக்கில் இருந்து வழுக்குகிறது. ஒரு மாதத்தில் கீறல் விழுந்து, எதிரே நிற்பவன் அண்ணனா தம்பியா என்று தெரியாமல் போகிறது. பார்வை மறைந்தால் கை போய்விடும் என்று பயந்து அவன் கழற்றி வைக்கிறான். அவனைக் கோபித்து என்ன பயன்? வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட நாற்பது வயதுக்காரர் அதன்மேல் இன்னொன்றை எப்படி மாட்டுவார்? சில பட்டறைகளில் நல்ல கண்ணாடிகளும் உண்டு. அதிகாரி வரும் நாளில் பீரோவைத் திறக்கிறார்கள்!

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. துண்டு தெறிக்கும் வேலைக்குத் தடுப்போ, தகுந்த கண்ணாடியோ தரவேண்டும் என்று 1948ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 35வது பிரிவில் சொல்லிற்று.

சுடுகளத்தில் இதை யாருடைய இஷ்டத்துக்கும் விடுவதில்லை. ஒருவர் விதி தவறினாலும் கள அதிகாரி "நிறுத்து!" என்கிறார். எல்லாத் துப்பாக்கியும் நிற்கும். பட்டறை மேஸ்திரிக்கும் அந்த அதிகாரம் வேண்டும். கண்ணாடி மாட்டாதவன் இருக்கும்வரை சுவிட்சைப் போடக் கூடாது. நிற்கும் நேரத்துக்குக் கூலியைப் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் மேஸ்திரி சும்மா இருந்துவிடுவார்! முகத்துக்குப் பொருந்துகிற, பக்கத்திலும் மறைப்பு உள்ள, காற்றுத் துளை வைத்த கண்ணாடியை முதலாளி வாங்க வேண்டும். கீறல் விழுந்தால் மாற்ற வேண்டும். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த தம்பிகளுக்கு அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். எடுபிடி ஆளுக்கும் ஒன்று தர வேண்டும். பொறி அவனைத் தெரிந்துகொண்டு விலகாது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணில் துணுக்கு விழுந்தால் பட்டறையில் முதலில் ஓடி வருவது டாக்டர் அல்ல. தீக்குச்சியோடும் துணி முனையோடும் வருகிற கூட்டாளி. வீட்டுக்கு வந்தால் பாட்டி தாய்ப்பால் விடச் சொல்வாள். இரண்டுபேரும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கீறல் பட்ட கருவிழியில் கிருமி புகுந்தால் புண் வந்துவிடும். மதுரையில் 1994ல் மூன்று மாதம், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேர் முன்பு கண்ணில் அடிபட்டவர்கள்!

சுத்தியலும் உளியும் மோதித் தெறிக்கும் துணுக்கு இன்னும் மோசம். வலிக்காமலேகூட உள்ளே போய்விடும். பிறகு உள்ளேயே துருப்பிடித்துப் பார்வையைத் தின்னும்.

கண்ணைக் கசக்க வேண்டாம். குத்தி நிற்பதைப் பிடுங்க வேண்டாம். காகித டம்ளர் ஒன்றைக் கண்மேல் கவிழ்த்து, அழுத்தாமல் ஒட்டி, உடனே புறப்பட வேண்டும். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரெயில் ஏறி சென்டிரலில் இறங்கினால் எழும்பூர் பக்கம்தான். அங்கே 1819ல் தொடங்கிய அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. என்ன வேலை செய்தபோது பட்டது, இரும்பா, கல்லா என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.