அளவெடுக்காத பலகை

அலையாத்திக் காட்டு ஊரை வைத்துக்கொண்டு அலைப்பலகையைப் பற்றி வாதாட வருகிறானே என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். காரங்காடு அப்படிப்பட்ட ஊர்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே, பாக் விரிகுடாவின் ஓரத்தில், அலையை ஆற்றி அனுப்புகிற மரங்களுக்கு நடுவே அது இருக்கிறது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வெளியூராரைப் படகில் ஏற்றிக் காடு காட்டுகிறார்கள். தானே துடுப்புப் போட்டுக்கொண்டு போக ஆசைப்படுகிறவர்களுக்குக் கயாக் என்ற சிறு படகும் உண்டு. நல்ல காரியம். ஊருக்கு நாலு காசு வருகிறது, காடும் பிழைக்கிறது. என் சண்டை அதோடு அல்ல.

என் சண்டை, படித்தவர்கள் வாயில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தோடு. "தண்ணீரில் விளையாட நம்மவர்களுக்கு என்ன சார் தெரியும்? பலகை, பாய், பட்டம் எல்லாமே வெளியிலிருந்து வந்ததுதானே!" இதைச் சொல்கிறவர் கெட்டவரல்லர். விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ராமேசுவரம் போகிறவர். அங்கே கைட் சர்ஃபிங் நடப்பதைப் பார்த்து அதிசயிக்கிறவர். காலில் பலகை, இடுப்பில் கயிறு, ஆகாயத்தில் பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்க, ஆள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, பலகையின் விளிம்பைத் தண்ணீரில் ஊன்றிக் கோடு கிழித்துக்கொண்டு பறக்கிறான். பார்க்க வேண்டிய காட்சிதான். பாம்பன் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். கரைக்காரர்கள் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குமுறும்போது மற்றொன்று அடங்கிக் கிடக்கும். காற்றும் வேண்டும், அலையில்லாத தண்ணீரும் வேண்டும் என்கிற இந்த விளையாட்டுக்கு இதைவிட வாகான இடம் எளிதில் கிடைக்காது.

அந்தக் காலடிப் பலகையைக் கொஞ்சம் கவனியுங்கள். இரு முனையும் ஒரே மாதிரி. எந்தப் பக்கமும் ஓடும். பனிமலையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு அது நெருங்கிய உறவு. அந்தப் பனிப்பலகையோ அலைப்பலகையின் வாரிசு. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிறிஸ்துமஸ் தினத்தன்று, ஷெர்மன் பாப்பென் என்ற பொறியாளர் தம் பெண் குழந்தைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். பனி என்பதையும் அலைச்சறுக்கு என்பதையும் ஒட்டி 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தவர் அவர் மனைவி. எழுபதுகளில் டிமிட்ரி மிலோவிச் என்பவர், அலைப்பலகையைப் பார்த்து, மீன்வால் போலப் பிளந்த பின்பக்கம் வைத்துப் பனிப்பலகை செய்தார். 1998இல் பனிப்பலகை விளையாட்டு ஜப்பானில் நாகானோ ஒலிம்பிக்ஸில் ஏறிவிட்டது. அதே ஜப்பானில், ஹொக்கைடோ தீவின் நிசேகோவில், தாரோ தமாய் என்பவர் பந்தயத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பனியை அலையாக நினைத்து ஓடுவதற்கென்றே விதவிதமான வடிவங்களில் பலகை செய்து பேர் வாங்கினார்.

இந்தக் கதையை நான் சொல்வது அவர்கள் பெருமையைப் பாட அல்ல. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்காக. ஆளுக்கென்று பனிப்பலகை செய்கிறவன் மரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஆளை விசாரிக்கிறான். எடை எவ்வளவு? எடைக்குத் தக்கபடி பலகை வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்தால் சொன்னபடி கேட்காது, துவண்டால் வேகத்தில் உதறும். பாதம் எவ்வளவு நீளம்? விளிம்பில் நன்றாகச் சாயும்போது காலணியின் நுனி பனியில் உரசினால் ஆள் விழுவான். ஆகவே பாதத்தைப் பார்த்துப் பலகையின் அகலம். எப்படித் திரும்ப விரும்புகிறாய்? பலகையின் இரு பக்கமும் இடுப்புப் போல உட்குழிந்திருக்கும். சாய்த்து அழுத்தினால் அந்தக் குழிவுதான் வட்டக்கோடாக மாறி ஆளைத் திருப்பும். குழிவு அதிகமானால் சின்ன வட்டம். குறைந்தால் நீண்ட, நிதானமான வளைவு. எந்தப் பனியில் ஓடப்போகிறாய்? ஆழமான பொடிப்பனி என்றால் முன்பக்கம் அகன்று பின்பக்கம் சிறுத்திருக்க வேண்டும். வால் அமுங்கினால்தான் மூக்கு மிதக்கும். இத்தனை நவீனத்துக்கும் நடுவில், அந்தப் பலகையைப் பிளந்து பார்த்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது மரம்! இலேசான மரச்சட்டங்களை ஒட்டி, மேலும் கீழும் கண்ணாடி இழை போர்த்தியிருப்பார்கள். அவ்வளவுதான்.

இப்போது நம் கரைக்குத் திரும்புங்கள். காரங்காட்டிலிருந்து கரையோரமாகவே வடக்கே போனால், தொண்டி தாண்டி, கோட்டைப்பட்டினம், மணமேல்குடி தாண்டி, தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம் வரும். எல்லாம் ஒரே பாக் விரிகுடாவின் கரை. பெரும்பகுதி 15 மீட்டர்கூட ஆழமில்லாத கடல். இந்தக் கடலுக்கென்றே ஏற்பட்ட படகு வத்தை. ஆழம் போதாத இடத்திலும் ஓட அடி தட்டை. ஆனால் அடி தட்டையான படகில் மூன்று பாய்மரம் ஏற்றினால் காற்றில் சாயாதா? சாயும். அதற்கு நம்மவர்கள் செய்த உபாயம் ஒரு பலகை. படகுக்குக் குறுக்கே ஒரு நீண்ட கனத்த பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கம் வெளியே நீட்டிவிடுவார்கள். ஆட்கள் அதன்மேல் நடந்து கடலுக்கு மேலே போய் நிற்பார்கள். காற்று வலுத்தால் இன்னும் ஓர் ஆள், இன்னும் ஓர் அடி வெளியே, தணிந்தால் உள்ளே. சென்னை ராஜதானியில் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்தச் சமநிலைப் பலகையை எழுதிவைத்திருக்கிறார். அக்கரையில் சிங்கள மீனவர்கள், பக்கக்கட்டை பூட்டிய தங்கள் ஓடத்தில், ஓராள் காற்று, ஈராள் காற்று என்று காற்றின் வலுவை ஆள்கணக்கிலேயே அளந்தார்கள்.

பட்டத்தின் இழுப்புக்கு எதிரே சாய்கிற ராமேசுவரத்து இளைஞன் செய்வது என்ன? பலகையில் நின்று, தன் உடம்பின் எடையைக் காற்றுக்கு எதிர்த்தட்டில் வைக்கிறான். வத்தைக்காரன் செய்தது என்ன? அதேதான். ஒருவன் விளையாட்டுக்குச் செய்தான், ஒருவன் வயிற்றுக்குச் செய்தான் என்பதுதான் வித்தியாசம். வயிற்றுக்குச் செய்தவனுக்கு வித்தை தெரியாது என்று யார் சொன்னது?

வடிவமைப்பு என்று ஒரு சொல்லை இப்போது பிரமாதமாகச் சொல்கிறோமே, அதற்கும் வருகிறேன். ஷான் மெக்ரெயில் என்ற ஆங்கிலேய அறிஞரும் அவர் தோழர்களும் தென்னாசியப் படகுகளைப் பற்றி 2003இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இந்தக் கரைத் தச்சர்கள் வத்தை கட்டும் முறையை அதில் விளக்கியிருக்கிறார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. ஆனால் கோடுகள் கீறிய ஒரு பலகை உண்டு. நடுவிலிருந்து முனையை நோக்கி ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போகும் வங்கு என்கிற விலாச்சட்டங்களின் வளைவை, தச்சர் அந்தக் கீறல்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். படகின் முழு உருவமும் மரம் அறுப்பதற்கு முன்பே அந்தப் பலகையில் இருக்கிறது. இது வடிவமைப்பு இல்லையென்றால், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாராவது சொல்லட்டும்.

நமக்கு ஒரு வியாதி உண்டு. அகராதிப் பெருமை என்று அதற்குப் பெயர் வைக்கலாம். 'கட்டமரன்' என்ற ஆங்கில வார்த்தை நம் கட்டுமரத்திலிருந்து வந்தது என்று மேடைக்கு மேடை மார்தட்டுவோம். உண்மைதான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் அச்சிட்ட பிரயாண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் அந்தப் பெயரோடு இருக்கிறது. 1876இல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகைக் கட்டி வென்றார்; அந்த வகைப் படகுகளுக்கு நம் கட்டுமரத்தின் பெயரே நின்றுவிட்டது. பெயர் உலகம் சுற்றியது. கட்டையைத் தேர்ந்து, முனையை மேல்நோக்கிச் செதுக்கி, அலையைப் பிளந்து போகும்படி கட்டியவனின் பேரப்பிள்ளை என்ன ஆனான் என்று மார்தட்டியவர்களில் எத்தனை பேர் விசாரித்தோம்?

அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கரையெங்கும் படகுகள் நொறுங்கின. தர்மசிந்தனையுள்ளவர்கள் பணம் கொட்டினார்கள். அதைக் குறை சொல்கிறவன் மனிதனல்லன். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த கண்ணாடியிழைப் படகுகளாக வந்து இறங்கியது. எந்தக் கடலுக்கு, எந்த வலைக்கு, எத்தனை ஆளுக்கு என்ற கேள்வியில்லை. அவசரத்தில் வார்த்த படகுகளின் தரத்தைப் பற்றி அப்போதே புகார் எழுந்தது. கட்டுமரம் கட்டுகிறவனிடம் போய், 'உனக்கு மரம் வாங்கித் தரட்டுமா?' என்று கேட்டவர் சிலரே. தானம் கொடுத்தவன் எண்ணிக்கையைப் பார்த்தான், அளவைப் பார்க்கவில்லை.

"அப்படியானால் பழைய கட்டைக்கே போகச் சொல்கிறாயா?" என்று ஆட்சேபிப்பவர்கள் வருவார்கள். இல்லை. கண்ணாடியிழை இலேசு, புழு அரிக்காது, பராமரிப்பு குறைவு. இரவெல்லாம் கடலில் கிடப்பவனிடம் போய்ப் பழமை அழகைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது. நான் கேட்பது பழைய மரத்தை அல்ல; பழைய கேள்வியை. எந்தத் தண்ணீருக்கு? எந்த ஆளுக்கு? இந்த இரண்டு கேள்வியையும் நிசேகோவில் கேட்டால் கலை என்கிறோம். அதிராம்பட்டினத்தில் கேட்டால் கைத்தொழில் என்று ஒதுக்குகிறோம்.

"தச்சனாவது, பலகை செய்வதாவது" என்பது அடுத்த ஆட்சேபம். ஸ்னர்ஃபரைப் பிணைத்த பாப்பென் பலகைத் தொழிற்சாலை வைத்திருந்தவரா என்ன? வளைவு தெரிந்த கைக்குப் புதுப் பொருளைப் பழக்கிக்கொடுப்பது சுலபம். பொருள் மட்டும் தெரிந்தவனுக்கு வளைவு வர ஒரு தலைமுறையாகும். அந்தத் தலைமுறைதான் இப்போது நம் கண்முன்னே கழிந்துகொண்டிருக்கிறது. கீறல் பலகையைப் படிக்கத் தெரிந்த கிழவர்கள் போய்விட்டால், மிஞ்சுவது பொருட்காட்சிச் சாலைக்கு ஒரு மரத்துண்டு.

விளையாடப் பிள்ளைகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று 2012இல் உருவாக்கிய அலைச்சறுக்குப் பள்ளி, மீனவப் பிள்ளைகளைப் பலகைமேல் ஏற்றிவிட்டது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். தனியாள் போட்டியில் இந்தியருக்கு அங்கே கிடைத்த முதல் பதக்கம் அது. உடம்பு நம்முடையது, அலை நம்முடையது, காற்று நம்முடையது. காலடியில் கிடக்கும் பலகை மட்டும் பெரும்பாலும் வேறொரு கடலுக்கு, வேறொரு உடம்புக்கு அளந்து செய்தது. பலகைக்குத் தக்கபடி நம் பையன் தன் உடம்பை வளைத்துக்கொள்கிறான். இதற்குப் பெயர் முன்னேற்றமா?

நான் கேட்பது கோடி ரூபாய்த் திட்டமல்ல. பயிற்சிப் பள்ளிகள் வருஷத்துக்கு நாலு பலகையாவது இந்தக் கரைத் தச்சரிடம் செய்யக் கொடுக்கட்டும். முதல் பலகை கோணலாக இருக்கும், நாலாவது நேராகும். பொறியியல் கல்லூரிகள் மாணவர்களை அந்தக் கீறல் பலகையின் முன் கொண்டுபோய் உட்காரவைக்கட்டும். மாணவனுக்குக் கணக்கு தெரியும், தச்சருக்கு வளைவு தெரியும்; இரண்டும் பேசிக்கொள்ளட்டும். காரங்காட்டில் காயல் ஓட்டத்துக்கு அடுத்த முறை படகு வாங்குகிறவர்கள், ஒன்றையாவது அந்தக் காயலின் ஆழமும் அலையாத்தி வேர்களின் நெருக்கமும் தெரிந்த கையால் கட்டச் சொல்லட்டும். ராமேசுவரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் கனவானும் ஒன்று செய்யலாம். பட்டத்தைக் காட்டிய கையோடு, ஒரு வத்தையையும் காட்டி, இதன் குறுக்கே பலகை போட்டு மனிதர்கள் கடலுக்கு மேலே நடந்தார்கள் என்று சொல்லலாம். காசு செலவில்லாத காரியம்.

தையற்காரனிடம் போனால் சட்டைக்கு அளவு எடுக்காமல் விடமாட்டோம். தோள் ஒரு விரற்கடை இறங்கினால் சண்டைக்குப் போவோம். உயிரை ஏற்றி அலைமேல் அனுப்புகிற பலகைக்கு மட்டும் யார் யாருக்கோ எடுத்த அளவு போதும் என்கிறோம். அளவெடுக்கத் தெரிந்தவன் கையில் உளியோடு நம் ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.